இஸ்ரவேலின் வலது கை

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் இஸ்ரவேல் தன் வலது கையை நடுங்கவிட்டார்.

நன்றாகவே நடுங்கியது. சில மாதப் பழக்கம்.

"இன்னிக்கு எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே ஜேன் உள்ளே வந்தாள்.

"அப்படியேதான் இருக்கும்மா."

அவள் பையிலிருந்து ஒரு தகர டம்ளரை எடுத்தாள். அகலமான அடி, பக்கத்தில் விரல் நுழைய ஒரு பிடி.

"இதிலே குடிச்சுப் பாருங்க. அடியிலே கொஞ்சம் கனம் சேர்த்திருக்கேன்."

இஸ்ரவேல் குடித்தார். சட்டையில் கொஞ்சம் சிந்திக்கொள்ளவும் மறக்கவில்லை.

ஓய்வு பெறும்வரை தந்தி ஆபீஸில் சேதி தட்டிய கை அது. நடுக்கம் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

ஜேன், மண்டி மொஹல்லாவில் அவர் குடியிருந்த அதே சந்தில் இருக்கும் நர்ஸ் மரியபுஷ்பத்தின் மகள். லண்டனில் ஒரு கல்லூரியில் மேற்படிப்புக்கு மனுப் போடப்போவதாகச் சில மாதத்துக்கு முன் வந்து சொன்னாள். தொழிற்சாலையில் செய்யும் சாமான்களுக்கு வடிவம் அமைக்கிற படிப்பு.

"சாமானுக்கு உருவம் போட ஒரு படிப்பா? அதுக்கு லண்டனா?"

"சுதந்திரம் வந்தாச்சு மாமா. இனிமே எல்லாத்தையும் நாமே செய்யப்போறோம். எப்படிச் செய்யறதுன்னு யாராவது யோசிக்க வேண்டாமா? ஒருத்தரைக் கூடவே இருந்து கவனிச்சு, அவரோட கஷ்டம் தீர ஏதாவது செஞ்சு அனுப்பணும். அதைப் பார்த்துத்தான் இடம் கொடுப்பாங்க."

அப்போதுதான் அவர் கை தவறிக் காப்பி சிந்தியது.

"ஐயோ, கை நடுங்குமா மாமா?"

மனைவி போன பிறகு அவர் உடம்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து ஜேன் தினமும் சாயங்காலம் ஏதாவது ஒரு புது டம்ளரோடு வந்தாள்.

அவள் போன பிறகு வீடு முன்னைவிட அமைதியாக இருக்கும். கொஞ்சம் பேச்சுத்துணைக்காக ஒரு சின்னப் பெண்ணின் படிப்போடு விளையாடுகிறோமே, நாமெல்லாம் என்ன மனுஷன் என்று இஸ்ரவேல் நினைத்துக்கொள்வார். நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்வார். மறுநாள் செருப்புச் சத்தம் கேட்டதும் கை தானாக ஆட ஆரம்பித்துவிடும்.

பக்கத்து வீட்டுக் கமலம்மாள் சும்மா இருக்கவில்லை.

"மார்க்கெட்டிலிருந்து அவ்வளவு பெரிய பூசணிக்காயைத் தூக்கிட்டு வந்தீங்களே, அப்போ நடுங்கலையா?"

"அது இடது கைம்மா."

"குழந்தையைத் தூக்கற மாதிரி ரெண்டு கையாலேயும் அணைச்சுக்கிட்டு வந்ததை நான் பார்த்தேனே!"

ஒருநாள் ஜேன் ஓடிவந்தாள்.

"இடம் கிடைச்சிடுச்சு மாமா!"

"பணம்?"

"பெங்களூர்லே ஒரு தரும நிதியிலே கேட்டிருக்கேன். அவங்க கொடுத்தாத்தான் கப்பல் ஏறலாம். நாளைக்கு அவங்க ஆள் வர்றார். உங்களைத்தான் நேர்ல பார்க்கணுமாம்."

மறுநாள் கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார் நஞ்சுண்டசாமி.

"கொள்ளேகாலுங்க நமக்கு, தமிழ் நல்லாவே வரும். தமிழ்லயே பேசுங்க."

"உட்காருங்க" என்று இஸ்ரவேல் அவசரமாக எழுந்தார்.

"அட, நீங்க உட்காருங்க. கை முடியாத மனுசர்" என்று அவர் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

இஸ்ரவேல் காப்பி டம்ளரை எடுத்தார். அன்றைக்குப் போல அவர் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. பாதிக் காப்பி தரையில் கொட்டியது. ஆனால் வந்தவர் கையைப் பார்க்கவே இல்லை.

"தனியாத்தான் இருக்கறீங்களா?"

"ஆமாங்க."

"யாரு வந்து போவாங்க?"

"ஜேன் வருவா."

"வேற?"

இஸ்ரவேல் யோசித்தார். "பால்காரன்" என்றார்.

நஞ்சுண்டசாமி மெதுவாகச் சொன்னார். "போதும், கையை விடுங்க ஐயா. வலிக்கப்போகுது."

கை சட்டென்று நின்றுவிட்டது.

இஸ்ரவேல் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, பொய் சொன்னது நான். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. டம்ளர் நல்லாத்தான் செஞ்சிருக்கா. நிஜமாவே நடுங்கற கைக்கு உதவும். என்னாலே அவ படிப்பு கெட்டுடக் கூடாது."

"தெரியாதா? கை ஆடாம கல்லு மாதிரி இருக்குதுன்னு எங்ககிட்ட அந்தப் பொண்ணுதானுங்களே சொல்லுச்சு. பணம் கொடுக்கறதா முடிவும் பண்ணியாச்சு. கொடுக்கறதுக்கு முன்னாடி உங்களை ஒருதரம் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். ஆனா டம்ளருங்கறீங்களே, அது என்னதுங்க? எங்களுக்கு டம்ளர் எதுவும் வரலீங்களே!"

இஸ்ரவேல் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஜேன் நின்றிருந்தாள். கையில் பலகை மாதிரி ஏதோ இருந்தது. உள்ளே வந்து அதை விரித்தாள். மடக்கு நாற்காலி. நஞ்சுண்டசாமி அதில் உட்கார்ந்து, காலை வசதியாக நீட்டிக்கொண்டார்.

"அப்போ தினமும் டம்ளர் கொண்டுவந்தியேம்மா?" என்றார் இஸ்ரவேல். குரல்தான் இப்போது நடுங்கியது.

"அது நான் வந்து போக ஒரு சாக்கு மாமா. லண்டனுக்கு அனுப்பினது இதே மாதிரி நாற்காலி. உங்க வீட்டிலே இருக்கறது ஒரே ஒரு நாற்காலி. நான் போனப்புறம் யாராவது வந்தா எங்கே உட்காருவாங்க?"