ஆறு மணிக்கு மேல்

“நாளையிலேருந்து நான் வேலைக்கு வரமாட்டேன்னு—”

“வந்து முழுசா ஒரு வாரம் ஆகலை, அதுக்குள்ள—”

“இனிமே ஒரு நாள்கூட முடியாது!”

மாத்திரை அட்டையை இடம் மாற்றி வைத்துவிட்டாள் என்று வாடிக்கையாளர்கள் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார் மருந்துக் கடை முதலாளி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், கடை காலியானதும் பொங்கிவிட்டாள்.

“முன்னே இருந்த பொண்ணு ரெண்டு வருஷம் இருந்தாளே, அவளுக்கு மட்டும் எப்படி முடிஞ்சுது?”

“ஆறு மணியானா உங்க குரல் கேக்காத இடத்துக்கு அவ போயிடுவா. அதான் முடிஞ்சுது.”

“வாய் ரொம்ப நீளுது. என்னைத் தவிர எவன் உன்னைத் தாங்குவான்?”

“நாலு மனுஷங்களைப் பாக்கலாம்னுதான் வந்தேன். இங்கயும் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டா நான் என்ன நாயா?”

அலமாரிச் சாவியைக் கல்லா மேல் வீசிவிட்டுத் தெருவில் இறங்கினாள். தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது. பின்னால் ஷட்டரை இழுத்துவிடும் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை வரை கையை வீசிக்கொண்டு நடந்தாள்.

அங்கே ஒரு ஸ்கூட்டர் அவளை உரசினாற்போல் வந்து நின்றது. சொடக்குச் சத்தம் கேட்டது. முதலாளி பின் இருக்கையைக் காட்டினார்.

“முதலாளியைத்தானே விட்டே? புருஷன் கூப்பிடறேன், ஏறு.”