நூறு வீதம் சேஃப்

"இந்தாளையும் திருப்பி அனுப்பினீங்க எண்டா, டொக்டர், மாத முடிவோட நான் வேலையை விடுறன்."

ரொஷேல் சொல்லியே விட்டாள். தொண்டை கட்டிப்போயிருந்ததால் மிரட்டல்கூடக் கரகரப்பாகத்தான் வந்தது.

கொட்டாஞ்சேனையில் டொக்டர் ஸ்ரனிஸ்லாஸ் என்ற அம்மையாரின் பல் கிளினிக்கில் அவள்தான் வரவேற்பாளர். சுவரில் டொக்டரின் சிரித்த படம் பெரிதாகத் தொங்கும். "எனக்கும் இந்த மாதிரிப் பல் வேணும்" என்று அதைக் காட்டிக் கேட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர்.

அத்தனை பேரையும் ஃபோனில் கூப்பிட்டு, வரவேண்டிய நாளை நினைவுபடுத்துவது ரொஷேலின் தலையெழுத்து. போதாக்குறைக்கு, கொஞ்ச நாளாக டொக்டர் வியாழன் பின்னேரங்களில் அக்காவைப் பார்க்கவென்று வெள்ளவத்தைக்குக் கிளம்பிவிடுகிறார். அன்றைய ஆட்களை வேறு நாளுக்கு மாற்றி, ஏச்சு வாங்கிக் கட்டிக்கொள்வதும் இவள்தான்.

கிளினிக் கம்பியூட்டரோடு இணைத்துவிட்டால் தானாகவே எல்லோருக்கும் மெசேஜ் போகும் சொஃப்ட்வெயர்கள் இப்போது எத்தனையோ. ஆனால் வந்து காட்டிய கம்பனிகளையெல்லாம் டொக்டர் விரட்டிவிட்டார். "எங்கட ஆக்களின்ட விபரம் வெளியில ஆரின்ட கையில போகுது?" என்பார். யார் என்ன பதில் சொன்னாலும் அவருக்குப் பிடிக்காது.

இன்று அப்படியொரு கம்பனியிலிருந்து வந்த கஜீவன் கெட்டிக்காரன். கேட்பதற்கு முன்பே லெப்டொப்பைத் திறந்தான்.

"நூறு வீதம் சேஃப், டொக்டர். வெள்ளவத்தையில பெரிய பல் கிளினிக் ஒண்டு எங்கட சொஃப்ட்வெயரைத்தான் பாவிக்குது. லைவாவே காட்டுறன்."

திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒரு வரியில், பெயர் தெரியாதபடி பெருவிரலை வைத்து மறைத்தான்.

"பேரை மறைச்சுத்தான் காட்டுவன், பயப்பிடாதேங்கோ. பாருங்கோ, பெண், வயது அறுபத்தொண்டு. மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். பழைய செட் லூசாம். புதுச் செட்டுக்கு அளவெடுக்க வரச்சொல்லி நேற்றே மெசேஜ் போயிட்டுது."

ரொஷேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவம் மனுசி! கதைக்கேக்க கழண்டு விழாம இருக்கோணும்."

டொக்டர் சிரிக்கவில்லை. "உங்கட ஒபிஸில ஆரார் இதைப் பார்க்கலாம், தம்பி?"

"எல்லாரும்தான், டொக்டர். அப்பதானே ஒரு பிரச்சினை எண்டா உடனே பார்த்துச் சரிசெய்யலாம்."

"எனக்கு வேண்டாம். நீங்க போயிட்டு வாங்கோ."

கஜீவன் படியிறங்கினானோ இல்லையோ, ரொஷேல் ஃபோன் ரிசீவரை எடுத்து மேசையில் டொக்கென்று வைத்தாள். ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது.

"இவ்வளவு நல்ல சாமான், டொக்டர்! ஆரோ ஒரு கிழவியின்ட பொய்ப்பல்லைப் பற்றி நான் கேட்டதால உலகம் அழிஞ்சிட்டுதா? ஊர் பேர் தெரியாத அந்தக் கிழவிக்காக என்ட தொண்டை போகோணுமா?"

டொக்டர் சுவரிலிருந்த தன் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்திவிட்டு, மெல்லச் சொன்னார்.

"அந்தக் கிழவி நான்தான், பிள்ளை."