கொக்குமடை மாப்பிள்ளை

தூரத்தில் ஒரு வேட்டுச் சத்தம் கேட்டது. செல்லமுத்து கண்மாய்க்கரைச் சேற்றில் குப்புற விழுந்தான்.

வழுக்கிவிட்டது என்றுதான் செவந்தி நினைத்தாள். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை, எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, விடிந்தும் விடியாமலும் சேற்றில் கிடக்கிறான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அவன் எழுந்திருக்கவில்லை.

இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தான். 

செவந்தியின் சிரிப்பு நின்றது.

கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களிலிருந்து நாரைகள் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அமர்ந்தன. ஐப்பசி பிறந்தால் எங்கெங்கிருந்தோ வந்து கூடு கட்டும் பறவைகள். அவற்றைச் சுடக் கூடாது என்று காட்டிலாகா கரையில் பலகை நட்டிருந்தது. கொக்குமடைக்காரர்களுக்குப் பலகை தேவைப்படவில்லை. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு ஓலைவெடி கூட அங்கே வெடிப்பதில்லை. இந்தச் சத்தம் வயல்களுக்கு அப்பால், அரிமளம் பக்கத்திலிருந்து வந்தது.

வெடிக்காத தீபாவளி செவந்திக்குப் பெரிய குறை. புது மாப்பிள்ளை என்ன நினைப்பான் என்று ஒரு வாரமாக அய்யாவிடம் சண்டை போட்டாள். காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல்தான் அவனைப் பறவை பார்க்கக் கூட்டி வந்திருந்தாள்.

இரண்டு வீட்டார் வந்து பார்த்து, நிறம் மட்டு என்று சொல்லிப் போன பெண் அவள். மூன்றாவது ஆள் தானாக வந்தான். சீனாச் சண்டைக்குப் போய், பனியில் கால்விரல்களைப் பறிகொடுத்துத் திரும்பியவன். அறந்தாங்கி தாலுகா ஆபீஸில் பியூன் வேலை. ஜாதகம் கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. குடுமியான்மலைத் திருவிழாவில் அவளைப் பார்த்தானாம். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்றானாம். காத்தாயி சின்னாத்தா கொண்டுவந்த சேதி அது. ஊர்ப் பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். செவந்தியும் அலுக்காமல் சொன்னாள்.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது.

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்தான். அவளைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தான்.

"பயந்துட்டியா?"

"நீங்கதான் பயந்துட்டீங்க."

அவன் தலையாட்டினான்.

"போன தீபாவளிக்கு நெல்லுக் குதிருக்குள்ள எறங்கி ஒளிஞ்சிருந்தேன். எங்க ஆத்தாதான் மேல சாக்கப் போட்டு மூடுச்சு." வேட்டியில் ஒட்டிய சேற்றை வழித்துப் போட்டான். "அப்பறம் ஒரு நா பஸ்ஸுல ஒங்க சின்னாத்தா யாருகிட்டயோ சலிச்சுக்கிட்டு வந்துச்சு. எங்க ஊருல தீபாவளின்னா எழவு வீடு மாதிரி இருக்கும், ஒரு வேட்டுப் போட விடமாட்டாங்கன்னு. அது எறங்குன எடத்துல நானும் எறங்கிக் கேட்டேன்."

"என்னன்னு?"

"அந்த ஊர்ல கட்டிக்கிறதுக்குப் பொண்ணு இருக்கான்னு."

செவந்தி அவனையே பார்த்தாள்.

"அப்ப குடுமியாமல?"

"அங்கிட்டு நான் போனதே இல்ல."

 அந்தத் திருவிழா, அந்தக் கூட்டம், கூட்டத்தில் அவளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்ற இரண்டு கண்கள். எதுவும் நடக்கவில்லை. அவளுக்குப் பதில் அடுத்த தெரு மீனம்மாள் இருந்திருந்தாலும் அவனுக்குச் சரிதான்.

அரிமளம் பக்கம் மறுபடி வெடித்தது. சரவெடி. சீக்கிரம் முடிவதாக இல்லை.

செல்லமுத்துவின் கை கரையின் புல்லைக் கொத்தாகப் பிடித்தது. புல் வேரோடு வந்தது. கை வேறு புல்லைத் தேடியது.

செவந்தி சிறிது நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து அவனைச் சுற்றி வந்து, சத்தம் வரும் பக்கமாக, அவனை ஒட்டி உட்கார்ந்தாள்.

வெடி ஓயும்வரை இருவரும் பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலில் நின்ற அய்யா மாப்பிள்ளையின் கோலத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"நாந்தான் அய்யா வெளையாட்டுக்குத் தள்ளிவிட்டேன்" என்றாள் செவந்தி.

உள்ளே இருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து சிரித்தார்கள். ஆத்தாவுக்கு மட்டும் கோபம்.

"ஒன்னயத் தேடி வந்து கட்டுன மனுசனையாடி சேத்துல தள்ளுவ?"

"ஆமாத்தா, தேடித்தான் வந்தாரு" என்று சொல்லிக்கொண்டே, செவந்தி அவன் கால் கழுவத் தண்ணீர் மொண்டாள்.