ஐஸ் பெட்டிக்குள் ஒரு டப்பா

"தாஸண்ணே, சாயங்காலத்துக்குள்ள ஐஸ் விழுந்தாகணும். நாளைக்குப் பகல் பூரா கரண்டு கெடையாது."

ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குப் போன நான் செருப்பைக் கழற்றும் முன்பே சொர்ணவல்லி சொல்லிவிட்டாள்.

கறம்பக்குடியில் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலையில் போகும் கரண்ட் மாலையில்தான் வரும். ஒருநாள் ஜில் தண்ணீர் இல்லாவிட்டால் உயிரா போய்விடும் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

சிங்கப்பூரில் இருக்கும் கணவன் ஆர்டர் போட்டு இறக்கிய இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். தானே தண்ணீர் பிடித்து, தானே உறைய வைத்து, தானே கொட்டிக்கொள்ளும். சில நாளாகத் தண்ணீர் பிடிக்கவில்லை.

வந்த வேகத்தில் நான் பின்பக்கம் புகுந்தேன். குழாய் திறந்துதான் இருந்தது. ஃபில்டர் புதுசு. ட்யூபைக் கழற்றினால் தண்ணீர் என் சட்டையிலேயே பீய்ச்சியது. எரிச்சலாக வந்தது.

அப்புறம்தான் முதலில் பார்த்திருக்க வேண்டியதைப் பார்த்தேன்.

ஐஸ் விழும் பெட்டிக்கு மேலே ஒரு கம்பி உண்டு. பெட்டி நிறைந்தால் கம்பி மேலேயே நின்றுகொள்ளும். போதும் என்று மெஷினும் நின்றுவிடும். இங்கே பெட்டியில் ஒரு கைப்பிடி ஐஸ்தான் மிச்சம். கம்பியைத் தூக்கிப் பிடித்திருந்தது, பெட்டிக்குள் நிற்க வைத்த ஒரு எவர்சில்வர் டப்பா.

எடுக்கப் போனேன். சொர்ணவல்லி பதறிக் குறுக்கே கையை நீட்டினாள்.

அவளே டப்பாவைப் படுக்க வைத்தாள். கம்பி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தட்டில் உறைந்து நின்ற கட்டிகள் கடகடவென்று டப்பாவின் மேல் விழுந்தன. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

உள்ளே என்ன என்று என் முகம் கேட்டிருக்கும்.

மூடியைத் திறந்து காட்டினாள். பிளாஸ்டிக் கவருக்குள் நெல்லிக்காய் அளவில் ஓர் ஐஸ். மெஷின் ஐஸ் அப்படி இருக்காது. வெங்காயம் போல உள்ளே அடுக்கடுக்காக வெள்ளை.

ஆலங்கட்டி.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சித்திரை. என் கடைக் கூரையைப் பொத்தலாக்கிய அதே மழை. புதுக்கோட்டை ரோட்டில் நகர முடியாமல் ஓர் ஆம்புலன்ஸ் நின்றதாம். கூரை மேல் கல் விழுகிற அந்தச் சத்தத்துக்குள்தான் இவளுக்குப் பிள்ளை பிறந்தது. டிரைவர் ஒரு கல்லைப் பொறுக்கி வந்து, பால் வாங்க எடுத்துப்போன காலி ஃப்ளாஸ்க்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து அந்தக் கல் எத்தனையோ கரண்ட் கட்டுகளை ஐஸுக்கு அடியில் கிடந்தே தாண்டியிருக்கிறது.

ஐஸ் மெஷின்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான். வானத்தில் உறைந்ததை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை.

தூங்கி எழுந்த சுடர்விழி தத்தித் தத்தி வந்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். சொர்ணவல்லி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"இவ வளர வளர இது சிறுத்துக்கிட்டே போகுதுண்ணே. ஞாயித்துக்கெழம அவுக வாராக. ரெண்டையும் இன்னும் கண்ணால பாக்கல."

தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. விரலைக்கூட நீட்டிவிட்டேன்.

என் கை சூடு. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக்கூடப் படாமல் குனிந்து பார்த்தேன்.