நீதிபதியின் கைத்தடி

1985 ஏப்ரல். சான் அன்டோனியோவில், மெக்சிகோக்காரர் ஆண்ட காலத்து ஊர்மன்றம் இப்போது அருங்காட்சியகம். ஜன்னல் வெயிலில் நூறு தோசை வார்க்கலாம். அந்தக் காலத்தில் ஊர்த்தலைவரே நீதிபதி. அவருடைய வெள்ளிப்பூண் கைத்தடி யாரிடம் நீட்டப்படுகிறதோ, அவர் போட்டது போட்டபடி வந்து நிற்க வேண்டும் என்கிறாள் வழிகாட்டிப் பெண். விளையாட்டு விசாரணைக்கு ஜெயலீலாவை நாற்காலியில் உட்கார்த்தி, தடியையும் கொடுக்கிறாள். குற்றவாளி அவள் கணவர் ஜெபதாஸ். அவர் மாடு பக்கத்து வயலை மேய்ந்துவிட்டதாம்.

"உண்மையச் சொல்லுங்க. பெயில் எல்லாம் கிடையாது" என்று ஜெயலீலா தடியைத் தட்டுகிறாள். கூட வந்த நாங்கள் சிரிக்கிறோம். ஜெபதாஸுக்கு டெக்சஸையே நனைக்கும் அளவுக்கு வேர்க்கிறது.

"கறிவேப்பிலைச் செடிய யூனிஸ் வீட்டு நாய் சாய்க்கல, லீலா. ஃப்ராஸ்ட் அடிச்ச ராத்திரி நான்தான் உள்ள எடுத்து வைக்க மறந்துட்டேன், பனியில கருகிப்போச்சு. உனக்குப் பயந்து நாய் மேல பழியப் போட்டேன்."

அமெரிக்கா முழுக்கத் தேடினாலும் கிடைக்காத அந்தச் செடிக்காக, அடுத்த வீட்டு யூனிஸோடு ஜெயலீலா மூன்று மாதமாகப் பேசவில்லை. எங்களோடு வந்து, கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட யூனிஸ் கைப்பை ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். தமிழ் புரியாத வழிகாட்டி கைதட்டுகிறாள். இப்போது குற்றவாளியின் முகம் நாற்காலியில் இருக்கிறது. ஜெயலீலா தலை நிமிராமல் தடியை யூனிஸ் பக்கம் நீட்டுகிறாள். வெள்ளிப்பூண் வெயிலில் மின்னுகிறது. யூனிஸ் வந்தே ஆக வேண்டும். ஊர்ச் சட்டம் அப்படி.