ஊதாத் துணிக்குள் சூசையப்பர்

புனித வாரத்துப் புதன்கிழமை. கோயில் முற்றத்தில் உளுந்து காய்கிறது. கொடிமரத்தில் கொடி இல்லை. துபாயிலிருந்து வந்திருக்கும் அமலதாஸ், முதன்முதலாகப் பார்க்கும் தன் இரண்டு வயது மகளைத் தூக்கிக்கொண்டு சூசையப்பர் பீடத்தின் முன் நிற்கிறான். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் திருவிழாவன்று அவர் காலடியில் கிடத்துவதாக நேர்ந்திருந்தான். சூசையப்பர் திருவிழா எந்த வருடமும் மார்ச் பத்தொன்பதுதானே என்று டிக்கெட் எடுத்துவிட்டான். இந்த வருடம் அந்தத் தேதி, திருவிழா எதுவும் கொண்டாடக் கூடாத புனித வாரத்தில் விழுந்ததால், போன சனிக்கிழமையே தேர் ஓடி முடிந்துவிட்டது. தவக்கால வழக்கப்படி, புனிதர்களின் சுரூபங்களையெல்லாம் முகம் தெரியாமல் ஊதாத் துணியால் மூடியிருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முதல்நாள், அவன் விமானம் ஏற வேண்டும். பலிபீடத்தருகே மூன்று பெண்கள் ஆர்மோனியத்தை மூடிவைத்துவிட்டுத் தவக்கால லத்தீன் கீதம் பாடிப் பழகுகிறார்கள். தாளமில்லாத அந்த ராகம் ஏறி, தொடங்கிய இடத்துக்கே இறங்கி வந்து, வெளியேற வழி தெரியாததுபோல் தூண்களுக்கிடையே சுற்றுகிறது. கோயில் காரியங்களைப் பார்க்கும் கிழவரிடம் அமலதாஸ் கேட்கிறான்: “தேதி மாறுனத ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, உபதேசியாரே?” “பூசையில மைக் வச்சுத்தானே தம்பி சொன்னாரு சாமியார். துபாய் வரைக்கும் கேக்கலியாக்கும்!” சிரித்த கிழவர், அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்கிறார். மெல்லக் குனிந்து துணியின் கீழ்முடிச்சை அவிழ்க்கிறார். “முகத்தத் தொறக்க எனக்கு உரிமையில்ல. கால் போதுமில்ல?” சாயம் போன இரண்டு பாதங்கள் வெளிச்சத்துக்கு வருகின்றன. அமலதாஸ் மகளைக் கிடத்துகிறான். அவள் ஒரு கையால் சூசையப்பரின் கட்டைவிரலைப் பிடித்துக்கொள்கிறாள். மறு கை அவன் சட்டையை விடவில்லை.