நீலக் கரடி பன்

"மனுஷன் தின்பானா இதை? பார்த்தாலே குமட்டுது."

மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார் குராமோச்சி. ஒசாகாவின் அந்தக் குறுகிய தெருவில், கருகிய சர்க்கரை நாற்றத்துக்கு நடுவே, காலையிலிருந்து வரிசையில் நின்றிருந்தார். நீல க்ரீமில் கரடி முகம் வைத்த ஒரு பன்னுக்காக ஊரே திரண்டு வந்திருந்தது.

"நான் பல் டாக்டரும்மா. இதுல இருக்கிற சர்க்கரைக்கு ஒரு தலைமுறைப் பல்லே கொட்டிடும்."

"அப்ப எதுக்குண்ணே நிக்கிறீங்க? கிளினிக்குக்கு ஆள் பிடிக்கவா?" பின்னால் நின்ற சிறுத்தைப்புள்ளிச் சட்டைக்கார அம்மாள் சிரித்தாள். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"நீங்க எதுக்கு நிக்கிறீங்க? அவ்வளவு ருசியா?"

"யாருக்குத் தெரியும்? இத்தனை பேரு கால் கடுக்க நிக்கிறாங்கன்னா சும்மாவா?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையோரம் ஒருத்தி பன்னைப் படம் எடுத்தாள். கரடியின் காதை மட்டும் கடித்துவிட்டு மீதியைக் குப்பைத்தொட்டியில் எறிந்தாள்.

தொட்டி ஏற்கெனவே நிரம்பி வழிந்து, உருகிய நீலம் தரையெல்லாம் பிசுபிசுத்தது. அதை மிதித்துக்கொண்டுதான் வரிசை நகர்ந்தது. வெட்கங்கெட்ட கூட்டம்!

ஆனாலும் அவர் வரிசையை விட்டு விலகவில்லை. போன இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவர் முறை வருவதற்குள் சரக்கு தீர்ந்து கடையை மூடிவிட்டார்கள். இன்றைக்காவது கடை ஜன்னலை எட்டிவிட வேண்டும்.

"இன்னும் கொஞ்சம்தான் இருக்கு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இருந்த இரண்டு ஜன்னல்களில் வலப்பக்க ஜன்னல் காலியானது. குராமோச்சியின் முறை.

"நீங்க போங்கம்மா" என்று ஒதுங்கினார்.

"தீர்ந்துடப் போகுதுண்ணே! பைத்தியமா உங்களுக்கு?" என்றவள் பதிலுக்குக் காத்திராமல் ஓடினாள்.

அவர் டையைச் சரிசெய்துகொண்டார். இடப்பக்க ஜன்னல் காலியானதும் போய் நின்றார்.

"வாங்க ஐயா! ஒண்ணா, ரெண்..." கரடிக் காதும் முகக்கவசமும் மாட்டியிருந்த பெண், கீச்சுக்குரலில் ஆரம்பித்து, அவரைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒரு பன்னை அவர் கையில் வைத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் அவள் சொன்னாள்:

"நான் வீட்டுக்கு வரலை அப்பா. நகருங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."